விற்க ஆளில்லை, கேட்க மூன்று பேர்: மெல்பர்ன் டிராம் டிக்கெட் பற்றி ஒரு கண்டக்டர் மகள்

என் அப்பா 31 வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கும்பகோணம்–மாயவரம், கும்பகோணம்–திருவாரூர், கடைசி ஆறு வருஷம் டவுன் பஸ். ஓய்வுபெற்று இத்தனை காலம் ஆகியும் பஸ்ஸில் ஏறினால் உடனே உட்கார மாட்டார். மொத்தம் எத்தனை தலை என்று கண்ணாலேயே எண்ணி முடித்த பிறகுதான் இடம் தேடுவார். அப்படிப்பட்டவரை 2025 மார்ச்சில் மெல்பர்னில் 86ஆம் எண் டிராமில் ஏற்றினேன். ஏறியதும் முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஆளு எங்கேம்மா?"

"எந்த ஆளுப்பா?"

"டிக்கெட் போடுற ஆளு."

அப்படி யாரும் இல்லை என்றேன். டிரைவரே போடுவாரா என்று கேட்டார். டிரைவர் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரிடமும் டிக்கெட் கிடையாது என்றேன். "அப்ப யாருதான் போடுவா?" "நமக்கு நாமேதான்பா போட்டுக்கணும்." அதற்குப் பிறகு இரண்டு ஸ்டாப்பிங் வரை அப்பா வாயைத் திறக்கவில்லை.

இந்த ஊருக்கு வந்து எனக்கு 16 வருஷமாகிறது. முதியோர் இல்லமொன்றில் நர்ஸ் வேலை; ஷிஃப்ட் எப்போது முடிந்தாலும் வீடு திரும்ப டிராம்தான். வண்டியைப் பற்றிக் கேட்டால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிடுவேன். 250 கிலோமீட்டர் தண்டவாளம், உலகத்தில் இன்று ஓடுகிற டிராம் வலைகளில் இதுதான் பெரியது. எங்கள் பக்கம் ஓடுகிற புது வண்டி 33 மீட்டர் நீளம். நம் ஊர் பஸ் மூன்றை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தது போல இருக்கும். ஏறும் படி தரையோடு தரையாக இருப்பதால் மூட்டுவலிக்காரியான என் அம்மா ஒரு கையில் பையோடு தானே ஏறிவிட்டாள். டிக்கெட் ஏற்பாட்டுக்கு மட்டும் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் எனக்கு மனம் வரவில்லை. அப்பா கூடவே வந்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்காவிட்டால் மூன்று கொடுத்திருப்பேன். பழகிப்போனால் எந்த இடைஞ்சலும் கண்ணுக்குத் தெரிவதில்லை, இல்லையா.

முதலில் டிக்கெட் வாங்குகிற கதை. இங்கே மைக்கி என்று ஓர் அட்டை. அதில் பணம் போட்டு வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறியதும் கதவருகே இருக்கிற கருவியில் காட்ட வேண்டும். அதற்கு டச் ஆன் என்று பெயர். ரயில், பஸ், டிராம் மூன்றுக்கும் அதே அட்டைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டையை எங்கே வாங்குவது என்பதில்தான் வினை. வண்டிக்குள் கிடைக்காது. பெரிய ரயில் நிலையங்களிலும் சில முக்கியமான டிராம் ஸ்டாப்பிங்கிலும் மெஷின் இருக்கிறது. மற்ற ஸ்டாப்பிங்கில் வெறும் கம்பமும் கால அட்டவணையும்தான். ஆகவே கடைக்குத்தான் போக வேண்டும்.

அப்பா, அம்மாவுக்கு அட்டை வாங்க ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் கடையில் பெயர்ப்பலகை எல்லாம் பளிச்சென்று இருந்தது, அட்டைதான் இல்லை. "திங்கட்கிழமை வரும்" என்றார் கடைக்காரர். இரண்டாவது கடையில் அட்டை இருந்தது, பணம் ஏற்றுகிற கருவி வேலை செய்யவில்லை. மூன்றாவது கடையில் இரண்டும் இருந்தன, ஆனால் அந்தக் கடைக்காரர் ரொக்கம்தான் வேண்டும் என்று நின்றார். நான் கடைசியாக எப்போது நோட்டை எடுத்து நீட்டினேன் என்பது எனக்கே ஞாபகமில்லை. அம்மா தன் சுருக்குப் பையைத் திறந்து, விமான நிலையத்தில் மாற்றி வைத்திருந்த 50 டாலர் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். மூன்று கடை ஏறி இறங்கியதில் முக்கால் மணி நேரம் போனது. அதற்குள் எங்கள் முன்னால் நான்கு டிராம் போய்விட்டது. நான்கையும் எண்ணியது அப்பாதான்.

அட்டையின் விலை 6 டாலர். இது வெறும் அட்டைக்கு மட்டும், பயணக் கட்டணம் தனி. அட்டையைத் திருப்பிக் கொடுத்தாலும் இந்த 6 டாலர் வராது. அப்பாவுக்கு இதை விளக்கினேன். "அதாவது, பால் வாங்கப் போனா முதல்ல சொம்பு வாங்கணும், சொம்புக்குக் காசு தனி" என்றார். சரியான விளக்கம். அதோடு விட்டாரா என்றால் இல்லை. "ஒரே ஒரு தடவை போறவன் என்ன பண்ணுவான்? ஒரு கல்யாணத்துக்கு வர்றான், போயிடுறான். அவனுக்கு எதுக்குச் சொம்பு?"

இந்தக் கேள்விக்கு இந்த ஊரிடம் ஒரு காலத்தில் பதில் இருந்தது. நான் 2009இல் படிக்க வந்தபோது மெட்கார்டு என்கிற அட்டை டிக்கெட். டிராமுக்குள்ளேயே மெஷின் இருக்கும், காசு போட்டால் டிக்கெட் வரும். காசு என்றால் நாணயம் மட்டும்தான். நோட்டை வாங்காது, வங்கி அட்டையையும் வாங்காது. ஓடுகிற வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சில்லறையை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதற்காகவே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாணயம் சேர்த்து வைத்திருந்தேன். அன்றைக்கு அதைத் திட்டாத நாள் இல்லை. இன்றைக்கு நினைத்தால் அது எவ்வளவோ தேவலை, சில்லறை இருந்தால் டிக்கெட் நிச்சயம்.

மைக்கிக்கு 2005இல் ஒப்பந்தம் போட்டார்கள். டிராமுக்கு அது வந்து சேர்ந்தது 2010 ஜூலையில். 2012 முடியும்போது மெட்கார்டை நிறுத்திவிட்டார்கள். நடுவில் 2011இல்தான் அந்த முடிவு: டிராமுக்குள் மெஷின் வைக்கும் திட்டத்தையும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற குறுகியகால டிக்கெட்டையும் கைவிட்டது அன்றைய மாநில அரசு. திட்டம் ஏற்கெனவே வருஷக்கணக்கில் தாமதம், செலவும் ஏறிக்கொண்டே போயிருந்தது, வெட்டினார்கள். அப்பா சொல்கிற அந்தக் கல்யாண விருந்தாளி அன்றைக்கே வெட்டுப்பட்டுவிட்டார்.

கண்டக்டர் இல்லாத டிராமை இந்த ஊர் எளிதில் ஏற்றுக்கொண்டதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் அப்பாவுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். 1989 கடைசியில் சுரண்டல் டிக்கெட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். லாட்டரிச் சீட்டு மாதிரி கடையில் வாங்கிக்கொண்டு, ஏறியதும் அன்றைய தேதியை நாமே சுரண்டிக்கொள்ள வேண்டும். கண்டக்டர் வேலையை ஒழிக்கத்தான் இது என்று தொழிற்சங்கம் கொதித்தது. 1990 ஜனவரியில் பயணிகளிடம் காசு வாங்காமலேயே ஊழியர்கள் வண்டியை ஓட்ட, அரசு டிராமுக்கான மின்சாரத்தை நிறுத்த, நகரத்தின் நடுவீதிகளில் டிராம்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே நின்றன. சுரண்டல் டிக்கெட் போய்விட்டது, கண்டக்டர்கள் தப்பித்தார்கள். ஆனால் எட்டே வருஷம்தான். 1998இல் கடைசிக் கண்டக்டரும் இறங்கிவிட்டார்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். ஸ்டிரைக் என்றால் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. "நடு ரோட்டிலயே நிறுத்திட்டாங்களா? வண்டியை டெப்போவுக்குக் கொண்டுபோகலையா?" என்று இரண்டு தடவை கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

சரி, அட்டை வாங்கியாயிற்று, பணமும் போட்டாயிற்று. இனி டச் ஆன். முதல் நாள் அப்பா அட்டையைக் கருவிக்கு முன்னால் கற்பூர ஆரத்தி மாதிரி மூன்று சுற்று சுற்றினார். அது சிவப்பைக் காட்டியது. அம்மா தேய்த்துப் பார்த்தாள். அதற்கும் சிவப்பு. அசையாமல் வைத்து, சத்தம் வரும்வரை பொறுத்தால்தான் எடுத்துக்கொள்ளும். அம்மா பழகிவிட்டாள். அப்பா மட்டும் கடைசி நாள் வரைக்கும் அரைச் சுற்றாவது சுற்றாமல் விடவில்லை.

கூட்டத்தில் நடந்ததுதான் எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, போர்க் தெருவில் ஏறினோம். ஆபீஸ் விடுகிற நேரம், உள்ளே எள் போட்டால் கீழே விழாது. நானும் அம்மாவும் கதவோரம் ஒட்டிக்கொண்டோம். அப்பா எப்படியோ நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டுவிட்டார், கருவி அவர் கைக்கு எட்டவில்லை. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் அட்டையை எடுத்து முன்னால் நின்ற பெண்ணின் தோளைத் தட்டி, அவள் கையில் கொடுத்து, கருவிப் பக்கம் தாடையால் காட்டினார்.

நம் ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. பின்படிக்கட்டில் தொங்குகிறவன் "ஒரு பாபநாசம்" என்று சொல்லி இருபது ரூபாயைக் கொடுப்பான். அது எட்டுக் கை மாறி கண்டக்டரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே எட்டுக் கை வழியாகத் திரும்பி வரும். நடுவில் ஒரு ரூபாய் குறையாது. அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், காதிலிருந்து ஒரு பக்க இயர்போனைக் கழற்றினாள். அப்பா மறுபடியும் தாடையைக் காட்டினார். அவளுக்கும் எட்டவில்லை. தனக்கு முன்னால் நின்ற, முதுகில் பெரிய பை மாட்டிய பையனிடம் கொடுத்தாள். அவன் வைத்தான், சத்தம் வந்தது, அட்டை வந்த வழியே திரும்பியது. அப்பா இதை ஒரு பெரிய காரியமாகவே நினைக்கவில்லை. நான்தான் வெட்கத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். இப்போது யோசித்தால் எதற்கு வெட்கப்பட்டேன் என்று தெரியவில்லை. எனக்கே கருவி எட்டாமல், செக்கர் வந்துவிடுவாரோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, அடுத்த ஸ்டாப்பிங்கில் நாலு பேர் இறங்கட்டும் என்று காத்து நின்ற மாலைகள் எத்தனையோ.

அடுத்தது இலவச டிராம் எல்லை. 2015 ஜனவரி 1 முதல் நகரத்தின் நடுப்பகுதியில் டிராமில் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம். விக்டோரியா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போகிற நாளில் அம்மா நகரத்துக்குள் மட்டும் ஐந்தாறு முறை ஏறி இறங்கியிருக்கிறாள். சிக்கல் என்னவென்றால், எல்லைக்குள்ளேயே பயணம் செய்கிறவர் டச் ஆன் செய்யக் கூடாது. செய்தால் பணம் போய்விடும். "நீங்கள் இலவச எல்லைக்குள் நிற்கிறீர்கள், இது தேவையில்லை" என்று அந்தக் கருவி சொல்லாது, வாங்கி வைத்துக்கொள்ளும். இது என் சொந்த முட்டாள்தனத்தில் கற்றுக்கொண்டது. அந்தத் திட்டம் வந்த புதிதில், ஏறியதும் அட்டையை வைக்கிற பழக்கத்தில் எத்தனை நாள் வீணாகக் கொடுத்தேன் என்று கணக்குப் பார்க்கவே இல்லை.

எல்லைக்குள் ஏறி, எல்லையைத் தாண்டிப் போகிறவர் என்றால் கட்டாயம் டச் ஆன் செய்ய வேண்டும். இலவச எல்லை முடிகிறது என்று வண்டியில் அறிவிப்பு வருகிறதுதான். ஆனால் அது ஆங்கிலத்தில், அதுவும் நெரிசலில், காதில் பாட்டு ஓடுகிறவனுக்கு எங்கே கேட்கப் போகிறது?

அம்மாவுக்கு இது கடைசி வரைக்கும் புரியவில்லை. அவள் கேட்டது நியாயம்தான். நம் ஊர் டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுப்பார். காசு இல்லாத பயணத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. கையில் அது இருந்தால் யார் வந்து கேட்டாலும் காட்டலாம். இங்கே இலவசம் என்றால் கையில் ஒன்றும் இருக்காது, இருப்பதைக் காட்டினால் காசு போகும். "இது என்னடி இலவசம், பயந்து பயந்து போக வேண்டியிருக்கு" என்றாள்.

இறங்கும்போது டச் ஆஃப் வேண்டுமா வேண்டாமா என்பது இன்னொரு குழப்பம். ரயிலிலும் பஸ்ஸிலும் செய்ய வேண்டும். டிராமில் பொதுவாக வேண்டாம், கதவில் கூட்டம் சேரும் என்று அவர்களே சொல்கிறார்கள். பயணம் முழுவதும் நகரின் வெளிப்புறக் கட்டணப் பகுதியான இரண்டாம் மண்டலத்துக்குள்ளேயே முடிகிறவர் மட்டும் செய்தால் கட்டணம் குறையும். ஒரே அட்டைக்கு இத்தனை சட்டம். அப்பாவுக்கு நான் ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தேன்: "டிராம்ல ஏறினா வையுங்க, இறங்கினா சும்மா இறங்குங்க." மறுநாள் அவர் ரயிலிலும் சும்மா இறங்கி, வெளியே விடாத கதவின் முன்னால் நின்றார். அது என் தப்பு.

இனி செக்கிங். ஒரு சனிக்கிழமை, போர்க் தெருவில் ஏறி வீடு திரும்புகிறோம். வண்டி ஸ்பிரிங் தெருவைத் தாண்டி இலவச எல்லையை விட்டு வெளியே வந்தது. கெர்ட்ரூட் தெருவில் திரும்பியதுமே மூன்று பேர் எழுந்தார்கள். இரண்டு பேர் சீருடையில். மூன்றாமவர் ஜீன்ஸ் போட்டு எங்கள் எதிரில்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். "மாறுவேஷமா!" என்று அப்பா சத்தமாகவே சொன்னார். நல்லவேளை, தமிழில்.

அவர்கள் வேலை செய்த விதத்தை அப்பா ஒரு மூத்த அதிகாரியின் பார்வையில் கவனித்தார். கதவுக்கு ஒருவர், நடுவில் ஒருவர். கையில் சின்னக் கருவி, அட்டையை அதில் வைத்தால் டச் ஆன் செய்தோமா என்று தெரிந்துவிடும். எங்களிடம் மரியாதையாகக் கேட்டார்கள், பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. "நல்ல டிரெயினிங்" என்று சான்றிதழ் கொடுத்தார் அப்பா. "எங்க லைன்ல செக்கர் நிக்கிறது எதிர்ல வர்ற டிரைவர் லைட்டைப் போட்டே சொல்லிடுவான். இங்கே அதுக்கும் வழியில்லை."

எங்களுக்குப் பின் இருக்கையில் ஒரு பையன், இருபது வயது இருக்கலாம். ஊருக்குப் புதிது என்பது அவன் வைத்திருந்த பெட்டியிலேயே தெரிந்தது. நகரத்துக்குள் ஏறியிருக்கிறான், டிராம் இலவசம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஸ்மித் தெருவில் இறங்க வேண்டுமாம். அவனிடம் அட்டையே இல்லை. பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அபராதத்தை அங்கேயே போடுவதில்லை. அவர்கள் அறிக்கை அனுப்புவார்கள், துறை முடிவு செய்து பின்னால் தபாலில் கடிதம் வரும். பெரியவர்களுக்கு 300 டாலரை ஒட்டி வரும். அப்பா உடனே ரூபாயாக்கிவிட்டார். "பதினாறாயிரமா? ஒரு டிக்கெட்டுக்கா?"

இந்த அபராதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2014இல் அந்த இடத்திலேயே 75 டாலர் கட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு வழி கொண்டுவந்தார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கட்டிவிட்டால் பின்னால் முறையிட முடியாது. தப்பே செய்யாதவனும் பெரிய தொகைக்குப் பயந்து சின்னத் தொகையைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வான். மாநிலக் குறைதீர்ப்பாளர் 2016இல் இந்த முறையை ஆராய்ந்து கடுமையாகவே எழுதினார். 2017 ஜனவரியோடு அந்த 75 டாலர் வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது சூழ்நிலையை எழுதி முறையிட்டால் பரிசீலிக்கிறார்கள். அந்தப் பையனிடம் அதைத்தான் சொன்னேன், கடிதம் வந்தால் உடனே கட்டிவிடாதே, முதலில் எழுதிக் கேள் என்று.

அவன் இறங்கிப் போன பிறகும் அப்பா அதையே பேசிக்கொண்டு வந்தார். "எங்கே இறங்கணும் தம்பின்னு ஏறும்போதே ஒருத்தன் கேட்டிருந்தா இந்தப் பையன் இப்ப மாட்டியிருப்பானா? கேக்குறதுக்கு மூணு பேரைப் போட்டிருக்காங்க. அதுல ஒருத்தனை விக்கறதுக்குப் போடக் கூடாதா?" கொஞ்சம் விட்டு, அவர் தொழிலிலிருந்து ஒன்று சொன்னார். அவர் வண்டியில் டிக்கெட் இல்லாத ஆள் செக்கிங்கில் மாட்டினால் அந்த ஆளுக்கு அபராதம், கண்டக்டருக்கு மெமோ. ஏன் டிக்கெட் போடவில்லை என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். 31 வருஷத்தில் அப்படி இரண்டு மெமோ வாங்கியிருக்கிறார். இரண்டும் எந்தத் தேதி, எந்த ஸ்டேஜ் என்பது இன்றைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

"இங்கே மெமோ யாருக்கும்மா?"

நான் யோசித்தேன். யாருக்கும் இல்லை. டிக்கெட் வாங்கவில்லை என்றால் பயணிதான் பதில் சொல்ல வேண்டும். கடையில் அட்டை இல்லை, ஸ்டாப்பிங்கில் மெஷின் இல்லை என்பதற்கு எந்தக் கருவியும் மெமோ வாங்குவதில்லை.

நியாயமாக நல்லதையும் எழுத வேண்டும். கட்டணக் கணக்கு தாராளமானது. 2025இல் பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரம் 5.50 டாலர், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 11. அதற்குமேல் எத்தனை முறை ஏறினாலும், டிராமோ ரயிலோ பஸ்ஸோ, ஒரு காசு போகாது. அந்த இரண்டு மணி நேரமும் அடுத்து வருகிற முழு மணியிலிருந்துதான் எண்ணப்படும். 10.10க்கு வைத்தால் ஒரு மணி வரை ஓடும். மாலை ஆறுக்குப் பிறகு வைத்தால் விடிகாலை மூன்று வரை. இது தெரிந்த பிறகு அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் டச் ஆன் செய்வார். அதற்காக ஸ்டாப்பிங்கில் ஒரு வண்டியை வேண்டுமென்றே விட்டதும் உண்டு. 31 வருஷம் அடுத்தவரிடம் காசு வாங்கியவர், கொடுக்கிற பக்கம் வந்ததும் எவ்வளவு சூட்சுமம்!

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விருந்தாளி வருவதற்கு ஒரு வாரம் முன்பே அட்டையை வாங்கி வையுங்கள், அவர்களை வைத்துக்கொண்டு கடை கடையாக அலையாதீர்கள். 59ஆம் எண் டிராமில் 'ஏர்போர்ட் வெஸ்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, பெட்டியோடு ஏறிவிட வேண்டாம். அது விமான நிலையத்துக்குப் போகாது, ஒரு வணிக வளாகத்தோடு நின்றுவிடும். கணினி வழியாகப் பணம் போட்டால் அது டிராம் கருவிக்குத் தெரிய ஒரு நாள் வரைகூட ஆகலாம். அவசரத்துக்குக் கடையோ மெஷினோதான். ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் 2019இலிருந்து போனையே அட்டையாக்கிக்கொள்ளலாம், கடைக்கே போக வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, 2025இல் நான் இதை எழுதும்வரை, அந்த வழி கிடையாது. சிட்னியில் வங்கி அட்டையைக் காட்டியே டிராமில் போய்விடுகிறார்கள். இங்கேயும் அதைக் கொண்டுவருவதற்கு 2023இல் புது ஒப்பந்தம் போட்டார்கள். 2025இலும் டிராமில் அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தோம்.

இன்னொன்று, அட்டைக்கு ஆயுள் நான்கு வருஷம். எப்போது முடிகிறது என்பதை மெஷினில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு தடவை பார்க்காமல் விட்டு, இரவு ஷிஃப்டுக்குப் போகிற நேரத்தில் செத்த அட்டையோடு நின்றேன். மாற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கிற பணமும் போகாது. ஆனால் ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கள் ஸ்டாப்பிங்கில் யாரிடம் மாற்றுவது? அன்றைக்கு 34 டாலர் கொடுத்து டாக்ஸியில் போனேன்.

அப்பாவும் அம்மாவும் மே மாதக் கடைசியில் ஊருக்குத் திரும்பினார்கள். அப்பாவின் அட்டையில் 3 டாலர் 40 சென்ட் மிச்சம். அதைத் திரும்ப வாங்க விண்ணப்பம் போட வேண்டும். 3 டாலருக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அவரே இரண்டு அட்டையையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒரு துண்டுத் தாளில் மிச்சத் தொகையையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கணக்கு ஒப்படைக்கிற மாதிரி என்னிடம் கொடுத்தார். சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்து வருவது என் மாமியார். அவரிடம் ஐபோன்.